ஆமை ஜெயித்த ஞாயிறு

ஆமை என்று பெயர் வைத்தது அண்ணன்தான். பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவன், பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகு நுழைந்தவன், கல்யாணப் பேச்சு எடுத்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றே முப்பத்தெட்டு வயதைத் தொட்டவன். வேறு என்ன பெயர் வைப்பது? மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. அங்கே மட்டும் அந்த மெத்தனம் கைகொடுத்தது. அவசரக்காரன் தேய்த்தால் விளிம்பு சில்லாகப் பெயரும். ஆமை தேய்த்ததில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அண்ணன் நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடியில் யாராவது மாட்டிக்கொண்டு அலறினால், லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் படியேறித்தானே போக வேண்டும்? அப்படி ஏறி ஏறி அவர் கால் இரும்பாகிவிட்டது. ஒரே குறை கண். இடது கண்ணுக்கு மைனஸ் ஏழு, வலது கண்ணுக்கு ஆறரை. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எருமைக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் கண்ணாடியை ஆமைதான் செய்து கொடுத்தான். சோடாபுட்டி மாதிரி தெரியக்கூடாது என்று விளிம்பை இரண்டு நாள் உட்கார்ந்து மெலிதாக்கினான். வலது காது பக்கத்துத் திருகு ஒருநாள் எங்கோ விழுந்துவிட்டது. அண்ணன் தன் வேலைப் பையில் கிடந்த பித்தளைத் திருகு ஒன்றை மாட்டிக்கொண்டார். கறுப்புச் சட்டத்தில் அது மட்டும் மஞ்சளாகப் பல்லிளிக்கும். மாற்றித் தருகிறேன் என்று ஆமை எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை.

நகரத்துப் பஸ் போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில் காடு ஆரம்பிக்கிறது. பெயருக்குத்தான் பூங்கா. உள்ளே போனால் மலைச்சரிவும் ஓடையும் ஏரியுமாக நாலு ஊர் கொள்ளும். ஞாயிற்றுக்கிழமையானால் நகரமே அங்கே இருக்கும். தலைக்கவசம் போட்ட சைக்கிள்காரர்கள், படகுக்கு வரிசையில் நிற்கும் காதலர்கள், புது ஷூ கடித்து நொண்டுகிற குடும்பஸ்தர்கள். நடைபாதைகளுக்குப் பெயர் கிடையாது, நிறம்தான். மரத்துக்கு மரம் பெயின்ட் அடித்திருப்பார்கள். மஞ்சள் ஏழு கிலோமீட்டர், சுலபம். சிவப்பு பதினொன்று, ஓடைச் சரிவை ஒட்டியே போகும்.

வாசலில் ஒரு சின்ன அறை. அதன் ஜன்னலில் ஒரு நீள நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா. ஒரு கூட்டத்துக்கு ஒரு வரி. உள்ளே போன நேரம், எத்தனை பேர். வெளியே வந்த நேரம், எத்தனை பேர், கையெழுத்து. கதவு மூடுமுன் காவலாளி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்ப்பார். ஏதாவது வரி பாதியில் நின்றால் மணி அடித்து ஜீப்பை அனுப்புவார்கள். எல்லா வரியும் முடிந்திருந்தால் காட்டில் யாருமில்லை என்று அர்த்தம், பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

அண்ணனும் தம்பியும் ஒன்பது வருஷமாக அங்கே பந்தயம் வைத்தார்கள். வளர்ந்த ஆட்கள்தான், கேட்டால் சிரிப்பீர்கள். முதல் கிலோமீட்டரில் ஒரு தட்டைப் பாறை வரும். அங்கே பாதை பிரியும். அண்ணன் சிவப்பில் போவார், ஆமை மஞ்சளில் போவான். யார் முதலில் வாசலுக்கு வருகிறாரோ அவர்தான் நோட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து வெளியே போட வேண்டும். தோற்றவர் எதிர்க் கடையில் டீ வாங்கித் தர வேண்டும். டீயைவிட அந்தக் கையெழுத்துதான் பெரிசு. நாலு கிலோமீட்டர் கூடுதலாக நடந்தும் அண்ணன் ஒவ்வொரு தடவையும் முந்திவிடுவார். "இரண்டு பேர்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துக்குக் கீழே கோடு இழுத்து, ஆமை வந்து பார்க்கும் வரை நோட்டைத் திறந்தபடி வைத்துக்கொண்டு நிற்பார். ஒன்பது வருஷத்தில் ஆமை அந்தப் பேனாவைத் தொட்டதே இல்லை.

அந்த ஞாயிறு ஆமை ஜெயித்தான்.

மழை கொட்ட ஆரம்பித்திருந்தது. எல்லோரும் தலையில் எதையாவது போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். காவலாளி அறைக்குள் ஒண்டிக்கொண்டிருந்தார். ஆமை நாலு பத்துக்கு வந்து சேர்ந்து, நனைந்த கையோடு நோட்டைப் பார்த்தான். அவர்கள் வரியில் வெளியே வந்த நேரம் வெறுமையாக இருந்தது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்த்தான். பிறகு கயிற்றுப் பேனாவை எடுத்து, வெளியே நாலு பத்து, இரண்டு பேர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கோடும் இழுத்தான். அந்தக் கோட்டை இழுத்தபோது அவனுக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. நாற்பதை நெருங்குகிற மனுஷன், சின்னப் பையன் மாதிரி தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து, அண்ணன் வந்த பிறகு எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அண்ணன் என்றைக்குப் பொறுத்தார்?

எதிர்க் கடையில் போய் உட்கார்ந்தான். கண்ணாடிக் கதவெல்லாம் ஆவி படிந்து கிடந்தது. நாலரை பஸ் வந்து நின்றது. நீல மழைக்கோட்டு போட்ட ஒரு முதுகு அவசரமாக ஏறியது. அண்ணனிடம் நீல மழைக்கோட்டு உண்டு. தோற்ற வெட்கத்தில், டீ வாங்கிக் கொடுக்க மனசில்லாமல் ஓடிவிட்டார் என்று ஆமை முடிவு கட்டினான். கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்? அதிலும் இவன் கண்டது ஆவி படிந்த கண்ணாடி வழியாக ஒரு முதுகைத்தான்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு அண்ணி போன் செய்து, அவரு இன்னும் வரலையே என்றாள். ஆமை சிரித்துக்கொண்டே, தோத்துட்டு எனக்கு முன்னாடி பஸ்ஸுல ஓடிட்டாரு அண்ணி, நான் கண்ணால பாத்தேன் என்றான். அண்ணியும் சிரித்தாள். லிஃப்ட் கம்பெனியிலிருந்து அவசர அழைப்பு வந்தால் வீட்டுக்கு வராமல் அப்படியே போய்விடுவது அண்ணனுக்கு வழக்கம். போனும் அணைந்து கிடக்கும். அதனால் யாரும் பயப்படவில்லை.

விடிந்தும் அண்ணன் வரவில்லை, கம்பெனியில் கேட்டால் கூப்பிடவே இல்லை என்றார்கள். மறுநாள் மத்தியானம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: பஸ் ஏறினதப் பாத்தீங்களா? முகத்தப் பாத்தீங்களா? பக்கத்தில் அண்ணி நின்றாள். இல்லை என்று சொன்னால், வராத ஆளுக்கு நீ எப்படி வெளியே என்று எழுதினாய் என்ற கேள்வி வரும். ஒரு ராத்திரி முழுக்க மழையில் அண்ணன் எங்கே இருந்தார் என்ற கேள்வி அதற்கடுத்து வரும். அந்த இரண்டாவது கேள்வியை ஆமையால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நீல மழைக்கோட்டை மனசுக்குள் திருப்பி, அதற்கு அண்ணன் முகத்தை மாட்டினான். "பாத்தேன்" என்றான்.

எல்லாவற்றிலும் மெதுவாக யோசிக்கிறவன் இந்த ஒன்றில் மட்டும் அவசரப்பட்டான். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் சிவப்புப் பாதையில் இறங்கியிருப்பார்கள். பூங்காவில் நோட்டைக் காட்டினார்கள். வரி முடிந்திருந்தது, இரண்டு பேர் வெளியே. காட்டை யாரும் தேடவில்லை. பஸ் நிலையங்களில் படம் ஒட்டினார்கள்.

வாரம் ஆனது, மாதம் ஆனது. அண்ணன் ஓடிப்போனவர் ஆனார். கம்பெனியில் ஒரு பெண்ணின் பெயர் அடிபட்டது, பிறகு இன்னொரு பெண்ணின் பெயர். அண்ணி முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள். கோபம் வந்த பிறகுதான் அவளால் சாப்பிட முடிந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. நோயாளி தன் வாயால் தன் பெயரைச் சொல்லாமல் குழாயைத் தொடமாட்டாள். அப்படிப்பட்டவள் புருஷன் விஷயத்தில் மைத்துனன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பினாள். எட்டு வயது மகள் அப்பா என்ற வார்த்தையையே விட்டுவிட்டாள். பள்ளியில் யாராவது கேட்டால் வெளியூர் என்கிறாளாம். சித்தப்பாவிடம் மட்டும் ஒருநாள் ரகசியமாகக் கேட்டாள்: அப்பாவுக்கு என்னையப் பிடிக்காதா சித்தப்பா? ஆமை கடைக்குப் போய் அன்றைக்கு மூன்று லென்ஸ் உடைத்தான்.

அவனுக்குத் தெரியும். எப்போது தெரிந்தது என்று கேட்டால் சொல்ல மாட்டான். மூன்றாம் நாளே தெரிந்திருக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவன் அந்தக் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. போய்த் தேடினால் பொய் சொன்னதாக ஆகிவிடும், தேடாதவரைக்கும் அண்ணன் பஸ்ஸில்தான் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே ஏழு மாதமாகத் தின்றுகொண்டிருந்தான்.

அண்ணி வாராவாரம் கேட்பாள். ஏறும்போது ஓடி ஏறினாரா, நடந்து ஏறினாரா? கையில பை இருந்துச்சா? முக்கியமாக ஒன்று கேட்பாள்: திரும்பிப் பாத்தாரா? முதல் தடவை ஆமை இல்லை என்றான். அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து, அடுத்த வாரம் லேசாகத் திரும்பினார் என்று மாற்றினான். அவளுக்கு எது பிடிக்குமோ அதைச் சேர்த்துச் சேர்த்து, ஒரு மனிதன் பஸ் ஏறும் அரை நிமிஷத்தை அவன் ஒரு முழுக் கதையாக்கி வைத்திருந்தான். லென்ஸ் தேய்க்கிற அதே பொறுமை.

ஏழாம் மாதம் போலீஸிலிருந்து கடிதம் வந்தது. தன் விருப்பத்தின் பேரில் சென்றவர், வழக்கு முடிக்கப்படுகிறது. அண்ணி அதை இரண்டாக மடித்து அலமாரியில் வைத்தாள். "அவரு பஸ் ஏறின எடத்த எனக்கு ஒரு தடவ காட்டு தம்பி. பாத்துட்டா விட்டுருவேன்" என்றாள். எந்த வாயால் மாட்டேன் என்பது?

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வெயில் அடித்தது. பஸ் நிறுத்தத்தில் ஆமை கையைக் காட்ட, அண்ணி அந்த இடத்தில் போய் நின்றாள். இங்கயா, இன்னும் தள்ளியா என்று கேட்டு இரண்டடி நகர்ந்தாள். டீக்கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அவர் பார்த்ததாக இவன் சொன்னபடி. பிறகு வந்ததே வந்தோம், உள்ளேயும் போய்ப் பார்ப்போம் என்றாள். புதுக் காவலாளி, புது நோட்டு. ஆமை பேனாவை எடுத்து, உள்ளே இரண்டு பேர் என்று எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது.

தட்டைப் பாறை வரை அவள் முன்னால் நடந்தாள். சிவப்புப் பெயின்ட் அடித்த முதல் மரத்தைப் பார்த்து, இதுல போவோமா என்றாள். ஆமை மூட்டு வலிக்கிறது என்று பாறையில் உட்கார்ந்துவிட்டான். மூட்டுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பாதையில் காலடி வைத்தால் கால் தானாக உண்மையைச் சொல்லிவிடும் என்று பயந்தான். அவள் அந்தப் பாதையை ஒருமுறை பார்த்தாள். சரி, நீ மெதுவா வா, நான் வாசலில் இருக்கிறேன் என்று திரும்பி நடந்தாள். ஆமை அங்கேயே இருந்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்காத அரை மணி நேரம் அவனுக்கு அங்கே கிடைத்தது.

அவன் வாசலுக்கு வந்தபோது, காவலாளி அறைச் சுவரை ஒட்டிய பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே ஒரு பலகைத் தட்டு. காட்டில் கிடைத்த சாமான்களை அதில் வைத்திருப்பார்கள்: ஒற்றைச் செருப்பு, தண்ணீர் பாட்டில், குழந்தைத் தொப்பி. அண்ணியின் ஒரு கை மடியிலிருந்த பைக்குள் இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும், அவள் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"பஸ் ஏறும்போது அவரு கண்ணாடி போட்டிருந்தாரா?"

இது என்ன கேள்வி என்று ஆமைக்குத் தோன்றியது. ஆனால் குரலில் ஒரு தவிப்பு இருந்தது. வழக்கம் போல அவளுக்குப் பிடித்ததைத் தேடினான். அண்ணன் கண்ணாடியைத் துடைக்கிற அழகு அவளுக்குப் பிடிக்கும், சட்டை நுனியால், வாயால் ஊதி ஊதி.

"போட்டிருந்தாரு அண்ணி. மழைத்தண்ணி பட்டுருச்சுன்னு கழட்டித் தொடச்சாரு. திரும்பப் போட்டுக்கிட்டுதான் ஏறினாரு."

அண்ணி கண்ணை மூடினாள். "இல்லன்னு சொல்லியிருக்கக் கூடாதா" என்றாள். யாரிடமோ கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, உள்ள எங்கயோ தொலச்சிட்டு வந்துட்டாருன்னு நான் நம்பியிருப்பேனே."

பைக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்து, அதில் இருந்ததை அவன் உள்ளங்கையில் வைத்தாள். லென்ஸ் ஒன்றில் விரிசல் ஓடியிருந்தது, இன்னொன்றில் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விளிம்பில் விரல் பட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு நாள் தேய்த்த விளிம்பு அல்லவா. பித்தளைத் திருகு பச்சை பூத்திருந்தது. போன மாதம் ஓடை வற்றியதும், குப்பை பொறுக்கப் போனவர்கள் சிவப்புப் பாதைச் சரிவுக்குக் கீழே எடுத்ததாம். காவலாளி சொல்லியிருக்கிறார். அதற்கும் கீழே பாறையிடுக்கும் புதரும்தான், ஆள் இறங்க முடியாதாம்.

"நீங்க பாக்கல" என்றாள் அண்ணி. பதினோரு வருஷமாக அவனை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆமை சொன்னான். நோட்டு, மழை, ஆவி படிந்த கதவு, நீல முதுகு, ஸ்டேஷன், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு மாதம் சுமந்தது ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோனது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. அழுகை வந்தது. அண்ணி அழவில்லை. அவள் வேறு எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி இல்லாம அவரால நாலடி நகர முடியாது. கால் ஒடஞ்சிருக்கலாம். ஆனா மழை பேஞ்சுச்சு, ஓடையில தண்ணி இருந்திருக்கும்." ஆய்வகத்தில் ரிப்போர்ட் படிக்கிற குரலில் சொன்னாள். "தண்ணி இருந்தா ஒடம்பு நாலஞ்சு நாள் தாங்கும். திங்கக்கிழம மத்தியானம் அவரு கத்திக்கிட்டு இருந்திருப்பாரு. நீங்க எம்பக்கத்துல நின்னு பாத்தேன்னு சொன்னீங்க."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆமை கேட்கலாம். யாரிடம் கேட்பது, எதற்கென்று கேட்பது? அவள் ஏழு மாதமாகத் திட்டித் தீர்த்த மனிதர் ஒரு தப்பும் செய்யாதவர். அதையும் இனி அவள்தான் சுமக்க வேண்டும். மகளிடம் போய், அப்பா உன்னை விட்டுப் போகவில்லை என்று சொல்ல வேண்டும். அப்புறம் எங்கே என்று அவள் கேட்பாள்.

காவலாளி ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். மூடுகிற நேரம், வெளியே போடாதவர்கள் வந்து போடுங்கள் என்றார். ஆமை பழக்கதோஷத்தில் எழுந்தான். அண்ணி அவனைத் தாண்டிப் போய்ப் பேனாவை எடுத்தாள். உள்ளே இரண்டு பேர் என்று இருந்த வரியில், வெளியே ஒருவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

காவலாளி விரல் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேர் வந்தீங்க. ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே?"

"எனக்குத்தான் நான் போட முடியும். அவரோடத அவரு போட்டுக்கட்டும்."

கண்ணாடியை ஆமையின் கையிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பஸ் வந்து நின்றிருந்தது. காவலாளி பேனாவை அவன் பக்கம் தள்ளி, போடுங்க சார், பூட்டணும் என்றார்.

ஆமை பேனாவைப் பிடித்தான். "இன்னொருத்தர் உள்ள இருக்காரு" என்றான்.

காவலாளி பதறிப்போய் மணிக்கயிற்றில் கை வைத்தார். எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்று கேட்டார். ஏழு மாசமாச்சு என்றான் ஆமை. அவர் கை கயிற்றை விட்டது. இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். இதில் நாலு மாதக் கணக்குதான் இருக்கிறது, பழைய நோட்டெல்லாம் ஆபீசுக்குப் போய்விட்டது என்றார். அப்படி யாராவது உள்ளே தங்கியிருந்தால் அன்றைக்கே வரி பாதியில் நின்றிருக்கும், அன்றைக்கே தேடியிருப்பார்கள், நீங்கள் ஏதோ குழம்பியிருக்கிறீர்கள் என்று நல்ல மனசோடு எடுத்துச் சொன்னார். நாளைக்கு ஆபீசில் எழுதிக் கொடுங்கள் என்றார்.

வெளியே பஸ் புறப்படத் தயாராக உறுமியது. அண்ணி ஓடவில்லை, நடந்துதான் ஏறினாள். கையில் பை இருந்தது. ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை ஆமை அதைக் கண்ணால் பார்த்தான்.